சான்று வருமுன் தொடங்கும் சிகிச்சை: மூளை உறைக் காசநோயை முன்வைத்து

சென்னையில் மூளை உறைக் காசநோய் கண்ட 180 குழந்தைகளுக்கு மூன்று வெவ்வேறு மருந்து முறைகளில் சிகிச்சை அளித்த ஆய்வு ஒன்று 1986இல் வெளியானது. எல்லோரும் 1 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் 27 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். 39 விழுக்காட்டினர் நரம்புக் குறைபாடுகளோடு பிழைத்தார்கள். முழுதாகக் குணமானவர்கள் 34 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த மூன்று எண்களும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத நான்காவது எண் ஒன்றும் உண்டு: தண்டுவட நீரிலிருந்து காசநோய்க் கிருமியை வளர்த்துக் காட்ட முடிந்தது 59 குழந்தைகளுக்குத்தான்.

மீதமுள்ள 121 குழந்தைகளுக்கு நோயின் போக்கு, உடற்குறிகள், தண்டுவட நீரின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவின் பேரில்தான் மருந்து தொடங்கியிருக்க வேண்டும். வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் அவர்களில் பலர் அதற்குள் நினைவிழந்திருப்பார்கள். மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தொற்றுகளில் இந்த ஒரு நோய்க்கேனும், ஆய்வகச் சான்று சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக இருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். புதிய சோதனைகள் வந்துவிட்ட இன்றைக்கும் இது பொருந்தும்.

முதல் தடை பெயரிலேயே இருக்கிறது. தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல் வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறது. 1955இல் வேலூர்ப் பகுதியில் இந்தியாவிலேயே முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். அது மூளைத் திசுவையே தாக்கும். பாக்டீரியாவால் வரும் மூளை உறை அழற்சி, பெயர் சொல்வதுபோல மூளையைச் சுற்றிய உறைகளைத் தாக்கும். சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். காசநோய்க் கிருமியும் தாக்குவது அதே உறைகளைத்தான். ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல முற்றும். மூன்றுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், மூளைக்காய்ச்சல் என்றாலே திடீரென்று வந்து விழுத்தாட்டும் நோய் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. இரண்டு வாரமாகத் தலைவலிக்கிறது என்று சொல்லும் ஒருவருக்கு அந்தச் சந்தேகமே எழுவதில்லை.

மெல்ல முற்றும் இந்தப் போக்கை எடின்பரோ மருத்துவர் ராபர்ட் விட் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். குழந்தைகளின் ‘மூளை நீர்க்கோவை’ பற்றிய அவரது நூல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1768இல் வெளிவந்தது. பசியின்மை, மெலிவு, தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம் என்று அவர் விவரித்த வரிசை இன்றைய மருத்துவமனைக் குறிப்பேடுகளிலும் அப்படியே இருக்கிறது. காசநோய்க் கிருமியை கோஹ் கண்டறிந்ததோ 1882இல்தான். கிருமி என்ற ஒன்று தெரியாத காலத்திலேயே நோயாளியின் அருகில் உட்கார்ந்து நாட்களை எண்ணிய ஒருவரால் இந்த நோயைப் பிரித்தறிய முடிந்திருக்கிறது.

இந்த நோய் எப்படி உண்டாகிறது என்பதற்கு 1933இல் அர்னால்ட் ரிச், ஹோவார்ட் மெக்கார்டாக் இருவரும் விளக்கம் தந்தார்கள். இரத்தத்தில் வரும் கிருமி நேராக உறையழற்சியை உண்டாக்குவதில்லை. மூளையின் மேற்பரப்பை ஒட்டிச் சிறு முடிச்சாகத் தங்கிவிடுகிறது. பின்னொரு நாள் அந்த முடிச்சு உடைந்து தண்டுவட நீர் ஓடும் இடைவெளிக்குள் கொட்டுகிறது. அதைத் தொடரும் அழற்சியில் மூளையின் அடிப்பகுதியில் கூழ்போன்ற கசிவு படிகிறது. நோயின் கேடுகள் எல்லாம் அந்தக் கூழிலிருந்தே கிளம்புகின்றன. அது கண்ணை அசைக்கும் நரம்பை நெருக்கினால் பார்வை இரட்டையாகும். இரத்தக் குழாய்களைச் சூழ்ந்தால் பக்கவாதம் வரும். நீர் வடியும் வழியை அடைத்தால் மூளைக்குள் நீர் தேங்கி அழுத்தம் ஏறும்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுக்காக வகுத்த மூன்று நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. நினைவு தெளிவாக இருந்து நரம்புக் குறைபாடு ஏதும் இல்லாதிருப்பது முதல் நிலை. குழப்பமோ நரம்புச் செயலிழப்போ தலைகாட்டுவது இரண்டாம் நிலை. ஆழ்ந்த மயக்கம் மூன்றாம் நிலை. சென்னை ஆய்வில் மூன்றாம் நிலையில் வந்து சேர்ந்த குழந்தைகளிடையே இறப்பு மிக அதிகமாக இருந்தது. மூன்று மருந்து முறைகளுக்கும் இடையே பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எந்த நிலையில் வந்தார்கள் என்பதற்கும் இறப்புக்கும் இடையில் வலுவான தொடர்பு தெரிந்தது.

முதல் நிலையில் இந்த நோய் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதுதான் கொடுமை. விளையாடப் போகாமல் மூலையில் சுருண்டு கிடக்கும் பிள்ளை, சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுவது, காரணமில்லாத சிடுசிடுப்பு. ‘பயந்திருக்கும்’ என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தால் இரண்டு நாள் தேவலை என்றிருக்கும். அந்த மாத்திரை ஃபுளோரோகுயினோலோன் வகை ஆன்டிபயாட்டிக்காக இருந்துவிட்டால் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கிவைத்து, பின்னால் செய்யும் சோதனைகளைக் குழப்பிவிடும்.

கழுத்து விறைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் சொல்லித்தரப்படுகிறது. அது இருந்தால் பயன். இல்லையென்பதை வைத்து நோயைத் தள்ளிவிட முடியாது. உறையழற்சி இருக்கலாம் என்ற ஐயத்தோடு வந்த 297 பெரியவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அழற்சி உறுதியானவர்களில் 30 விழுக்காட்டினருக்கே கழுத்து விறைத்திருந்தது. மடக்கிய காலை நீட்டிப் பார்க்கும் புகழ்பெற்ற கெர்னிக் குறியோ வெறும் 5 விழுக்காட்டினரிடம்தான் தென்பட்டது.

ஆகவே முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்த்தாக வேண்டும். கீல் நகரில் ஹைன்ரிக் குவிங்கே 1891இல் புகுத்திய முறை இது. ‘முதுகில் தண்ணி எடுத்தால் கால் விழுந்துவிடும்’ என்ற பயம் குடும்பங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்கும் கீழே. உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி தண்டுவட நீரைச் சுரக்கிறது. 10 மில்லி எடுத்தால் அரை மணி நேரத்தில் ஊறிவிடும். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் அறிகுறி இருந்தால் முதலில் ஸ்கேன் பார்ப்பது சரி. அப்படி எதுவும் இல்லாதவரை ஸ்கேன் வரிசையில் நிறுத்திவைப்பது வீண் தாமதம்.

ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு ஒட்டி, முதுகை வில்லாக வளைத்திருக்கும் நோயாளி. ஊசியின் உட்கம்பியை உருவியதும் நீர் சொட்டத் தொடங்குகிறது. சீழ்க் கிருமி என்றால் கலங்கலாக வரும். காசநோயில் பெரும்பாலும் தெளிவாகவோ லேசாக மங்கியோ இருக்கும். குழாயை ஆட்டாமல் வைத்தால் சில வேளை சிலந்தி வலைபோல மெல்லிய படலம் உறையும். கிருமியைத் தேட வேண்டிய இடம் அந்தப் படலம். நிணநீர் அணுக்கள் கூடியிருக்கும், புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை இரத்தச் சர்க்கரையில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அதே நேரத்தில் இரத்தச் சர்க்கரையையும் பார்க்காமல் விட்டால் அந்தக் கடைசி எண்ணுக்குப் பொருளே இல்லை. வார்டில் பரபரப்பில் மறந்துபோவது பெரும்பாலும் இதைத்தான்.

எவ்வளவு நீர் எடுக்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றும். வியட்நாமில் கை த்வெய்ட்ஸ் குழுவினர் 2004இல் காட்டியது எளிமையான உண்மை: 6 மில்லிக்கு மேல் நீர் எடுத்து, கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் அரை மணி நேரம் வரை பொறுமையாகத் தேடினால், பழைய சாயமேற்றும் முறையிலேயே பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் கிருமியைக் காண முடிகிறது. பல இடங்களில் இரண்டு மில்லி எடுத்து, ஐந்து நிமிடம் பார்த்து, ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனை வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடிவு, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமியின் எதிர்ப்பும் தெரிந்துவிடும் என்பதெல்லாம் பெரிய முன்னேற்றமே. உலக சுகாதார நிறுவனம் 2013இல் தண்டுவட நீருக்கு இதையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது. ஆனால் அதன் மேம்பட்ட வடிவமான அல்ட்ராவும் 2020இல் வெளியான வியட்நாம் ஆய்வில் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரைத்தான் பிடித்தது. ‘உண்டு’ என்று அது சொன்னால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால் மருந்தை நிறுத்த அது போதாது.

சான்றின்றி மருந்து தொடங்குவதற்கு வலுவான மறுப்பு உண்டு. இந்த மருந்துகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. சென்னைக் குழந்தைகள் பலருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, அரைகுறையாகச் சிகிச்சை பெற்ற பாக்டீரியா, தன்தடுப்பாற்றல் அழற்சி ஆகியவையும் இதே வேடத்தில் வரலாம். இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் அது கேட்பது தேடலைத் தொடர வேண்டும் என்பதைத்தான். மருந்து தொடங்கிய அன்றே எச்.ஐ.வி., கிரிப்டோகாக்கஸ் சோதனைகளைச் செய்யலாம், சில நாளில் மறுபடி நீர் எடுக்கலாம், கல்லீரலை அடிக்கடி கண்காணிக்கலாம். தவறாகத் தொடங்கிய மருந்தை நிறுத்த வழியுண்டு. தாமதத்தில் செத்துப்போன மூளைப் பகுதியை மீட்க வழியில்லை.

சிகிச்சை 9 முதல் 12 மாதம் நீளும். ஐசோனியசிட்டும் பைராசினமைடும் தண்டுவட நீருக்குள் நன்றாக நுழைகின்றன. ரிஃபாம்பிசின் குறைவாகவே நுழைகிறது. அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் சேர்த்தபோது வியட்நாமில் 545 நோயாளிகளிடம் இறப்பு 41.3 விழுக்காட்டிலிருந்து 31.8ஆகக் குறைந்தது, கடுமையான ஊனம் குறைந்ததாகத் தெரியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டுமான 2023 ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மூளைக்குள் தேங்கிய நீரை வடிக்க ஷண்ட் குழாய் தேவையா என்பதை முதல் வாரத்திலேயே யோசிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் முந்திய கட்டம் கிளினிக்கில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் பெரும்பாலும் ‘காய்ச்சல், தலைவலி’ என்று மட்டும் எழுதியிருக்கும். தலைவலி தொடங்கிய தேதி, இதுவரை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயர், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்ற மூன்று தகவலையும் அதே சீட்டில் சேர்க்க ஒரு நிமிடம் போதும். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அன்றைக்கே ஊசியை எடுப்பதும், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருப்பதும் அந்த மூன்று வரியைப் பொறுத்திருக்கிறது.