மகாராணியின் செருப்புப் பணம்



கடற்கரையே இல்லாத பெரம்பலூர், அரியலூர் மண்ணில் நின்றுகொண்டு ஒரு போர்த்துகீசியக் கடற்படைத் தளபதியைப் பற்றிப் பேசப் போகிறோம். இங்கே எதற்கு இது என்று சிலர் கேட்டார்கள். அரியலூருக்குக் கடல் அந்நியமில்லை. நம் ஆட்கள் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. இன்னொரு கடல், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்டுதோறும் மேடைபோட்டுப் பேசப்படும் ராஜேந்திர சோழனின் கடல். 1025இல் கடாரம் வென்ற கதை நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தக் கப்பலில் துடுப்பு வலித்தவன் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ராஜேந்திரனின் தகப்பன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் 'தீண்டாச்சேரி' என்ற சொல் வெட்டப்பட்டிருப்பதையும் அந்த மேடைகளில் சொல்வதில்லை. தளபதிகளின் வரலாற்றைத் தளபதிகளின் கண்ணால் மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும். நாம் வேறு கண்ணால் ஒருவரைப் பார்ப்போம்.

மார்த்திம் அபோன்சோ தெ சோசா. போர்த்துகல் பிரபு குலத்தில், 1500ஐ ஒட்டிப் பிறந்தவர். மூன்றாம் ஜோவான் மன்னரோடு சிறுவயதிலேயே பழகியவர். 1530இல் அவரிடம் ஒரு கப்பல்படையைக் கொடுத்துப் பிரேசிலுக்கு அனுப்பினார்கள். 1532இல் சாவோ விசெந்தே குடியேற்றத்தை நிறுவினார். அங்கே வாழ்ந்த பழங்குடிகளின் நிலத்தைத் தன்னோடு வந்தவர்களுக்குப் பங்கிட்டார். கரும்பு நட்டு, ஆலை வைப்பதில் தானும் கூட்டாளியானார். அந்தக் கரும்புத் தோட்டங்களில் முதலில் பழங்குடிகள், பிறகு ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்துச் செத்தார்கள். 1534இல் இந்தியக் கடலின் தலைமைத் தளபதியாக அவர் இங்கே வந்து இறங்கினார். குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து 1535இல் தியூவில் கோட்டை கட்டும் உரிமையைப் பெற்றதில் அவருக்குப் பங்குண்டு. ஒரே மனிதர், ஐந்தே ஆண்டுகளில் இரண்டு கண்டங்கள். நம் பாடநூல்களில் பிரேசில் தனி அத்தியாயம், இந்தியா தனி அத்தியாயம். உழைத்தவர் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கதைதான்.

அதே காலத்தில் தமிழகக் கிழக்குக் கரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடி, புன்னக்காயல், மணப்பாடு ஊர்களில், பரவர்களுக்கும் முஸ்லிம் கடல்வணிகர்களுக்கும் முத்து வருமானத்தை ஒட்டி மோதல். உள்நாட்டு அரசர்களின் வரிக்கெடுபிடி வேறு. ஜுவான் தா குருஸ் என்ற குதிரை வணிகர் யோசனை சொல்ல, பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஞானஸ்நானம் அதற்கான நிபந்தனையானது. 1536, 37 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகக் கிறித்தவரானார்கள்.

இதை 'அரிசிக்கு மாறினார்கள்' என்று கேலி பேசுகிறவர்களை நாம் 1981இல் மீனாட்சிபுரத்தின்போதும் பார்த்தோம். பரவர்கள் தலித்துகள் அல்ல. அவர்கள் கதையை நம் கதையாக்கிக்கொள்ள நாம் வரவில்லை. ஆனால் ஒரு சமூகம் கூடிப் பேசி, தன் பிழைப்பையும் மானத்தையும் காப்பாற்றிக்கொள்ள மதத்தை மாற்றியது ஓர் அரசியல் முடிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது.

1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் சோசா மரைக்காயர்களின் கப்பல்படையை முறியடித்தார். இலங்கையில் கோட்டை அரசனை எதிர்த்து நின்ற சீதாவாக்கையின் மாயாதுன்னேவுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்த படை அது. இந்த வெற்றிக்குப் பிறகுதான் முத்துக்குளித்துறை முழுதாகப் போர்த்துகீசியர் கைக்குப் போனது. இதைப் பரவருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த சண்டையாகச் சுருக்கி எழுதுவது இன்று சிலருக்கு வசதி. கடலில் செத்தவர்கள் இரு பக்கமும் உழைப்பாளிகள். முத்து மட்டும் மூன்றாவது கைக்குப் போனது.

முத்துக்குளிப்பை அறிந்தவர்களுக்குத் தெரியும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளியாளி இறங்குகிறான். மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்குகிறான். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்கிறான். காது கிழியும், மூக்கில் ரத்தம் வரும், சுறா வரும். எடுத்து வந்த சிப்பியில் ஆட்சிக்கு ஒரு பங்கு, சம்மாட்டிக்கு ஒரு பங்கு, மிச்சம்தான் குளியாளிக்கு.

அந்தக் கரை கட்டிய தொகைகளில் ஒன்றுக்குச் சுவையான பெயர் உண்டு. ஆண்டுக்கு 4,000 பணம், போர்த்துகல் அரசி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கு! சோசா 1541இல் ஆளுநராகப் புறப்பட்டபோது அவர் கப்பலில் வந்து, 1542இல் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி உபதேசியார்களின் ஊதியத்துக்குத் திருப்பினார். அதற்காக அவரைப் பாராட்டலாம். தூத்துக்குடிக் கரையின் போர்த்துகீசியக் கேப்டன் கோஸ்மே தெ பைவாவின் அட்டூழியங்களைத் தன் கடிதங்களில் கடுமையாகச் சாடியவரும் அவர்தான். பாதுகாக்க வந்தவனிடமிருந்தே பாதுகாப்புத் தேவைப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆளுநர் சோசா 1542இல் பட்கல்லைத் தாக்கிச் சூறையாடினார். அடுத்து திருப்பதி கோயிலைக் கொள்ளையடிக்கக் கப்பல்களோடு கிளம்பினார். அது நடக்கவில்லை, கொல்லம் பக்கம் ஒரு கோயிலில் கைவைத்துத் திரும்பினார். 1545இல் பதவியை ஜோவான் தெ காஸ்த்ரோவிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அவர் தொடங்கிய ஏற்பாடுகள் இங்கேயே நின்றன. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தமிழ் ஏழைகள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதும் அந்தப் போர்த்துகீசியக் கடலாட்சியின் காலத்தில்தான்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கப்பலில் வந்த மதம் உள்நாட்டுக்குள் நுழைந்தபோது அதன் முன்னால் சாதி நின்றது. மாட்டுக்கறி தின்று, குடித்து, எல்லோரோடும் புழங்கிய போர்த்துகீசியனை மேல்சாதிகள் 'பறங்கி' என்று ஒதுக்கின. பீரங்கி வைத்திருந்தவனும் சாதியின் பார்வையில் சேரிக்காரன்தான். இதை நாம் மறக்கக் கூடாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தான் பறங்கியல்ல என்று அறிவித்தார். இறைச்சியை விட்டார், தோல் செருப்பைக் கழற்றி மரக்கட்டைக்கு மாறினார். 1640இல் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனிவகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். வேதம் ஒன்று, வாசல் இரண்டு. நூறு ஆண்டு கழித்து வீரமாமுனிவர் கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சியில், அரியலூர் மழவராயரிடம் நிலம் பெற்றுப் பணி செய்தபோது இந்த ஏற்பாடு மதுரை மிஷனில் வேரூன்றியிருந்தது. லிஸ்பனில் கிளம்பிய கப்பல் கடைசியாக நங்கூரம் போட்டது ஒரு ஊருக்கும் ஒரு சேரிக்கும் நடுவில்தான்.

அரசி செருப்புப் போட முத்துக்குளித்துறை பணம் கட்டியது. குரு ஒருவர் சாதிக்காகத் தோல் செருப்பைக் கழற்றினார். எங்கள் தாத்தாக்கள் செருப்புத் தைத்தவர்கள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊர்த்தெரு தொடங்கும் புளியமரத்தடியில் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள்; தெரு முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். அந்த மரத்தடி எது என்று எங்கள் அம்மாக்கள் இன்றும் காட்டுவார்கள்.