விதிவிலக்கே விதியான கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாரீசிலிருந்து தெற்கே போகும் 'நசியோனால் 7' சாலை பள்ளி வரைபடத்திலேயே பழக்கம். ஆனால் விரைவுச்சாலை விஷயத்தில் பிரான்ஸ் பின்தங்கியே இருந்தது. ஜெர்மனி கொலோன்–பான் சாலையை 1932-லேயே திறந்துவிட்டது. பாரீசுக்கு மேற்கே முதல் துண்டு முழுமையாகப் போக்குவரத்துக்கு வந்தது 1946-ல்தான்.

போரில் இடிந்ததைக் கட்டவே பணம் போதாத காலம் அது. 1955 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. விரைவுச்சாலை இலவசம் என்பது பொது விதி. விதிவிலக்காக மட்டும், கட்டும் நிறுவனம் சுங்கம் வசூலிக்கலாம். காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான். 'விதிவிலக்காக' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும்.

அப்படியே நடந்தது. 1961-ல் எஸ்தெரெல் பகுதியில் சுங்கச்சாலை திறந்தது. 1970-ல் பாரீசிலிருந்து மர்சேய் வரை தொடர்சாலை முடிந்தது. இன்று மொத்தம் 11,000 கி.மீ.க்கு மேல், பெரும்பகுதிக்குச் சுங்கம் உண்டு. ஒதுக்குப்புறமான பிரெத்தாஞ் மாநிலத்துக்கு அரசு இலவச நால்வழிச் சாலைகள் போட்டுக்கொடுத்தது.

2006-ல் அரசு தன் பங்குகளைத் தனியாருக்கு விற்றது. பெரிய ஒப்பந்தங்கள் 2031 முதல் முடியத் தொடங்கும். அப்போதாவது அந்தப் பழைய பொது விதி யாருக்காவது நினைவுக்கு வருகிறதா, பார்ப்போம்.