தாவோய்த் தாதுவும் ஜெர்மன் உலையும்

1914இல் சென்னை மாகாணமும் பர்மாவின் தாவோயும் ஒரே பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்தன. தாவோய் மலைகளில் டங்ஸ்டன் தாது கிடைத்தது. பீரங்கிக் குண்டு கடையும் உளி, செக்கச் சிவந்தாலும் மழுங்காமலிருக்க அந்த உலோகம் எஃகில் சுமார் 18 சதவீதம் வேண்டும். முதல் உலகப் போர் மூண்ட பிறகே லண்டனுக்கு உறைத்தது: தன் ஆட்சியிலிருந்த மண்ணின் தாது ஜெர்மனிக்குப் போய், அங்கே உலோகமாகி, தனக்கே விலைக்கு வந்துகொண்டிருந்தது. பலம் சுரங்கத்தில் இல்லை, பக்குவப்படுத்தும் கையில் இருந்தது.

தாது இல்லாத உலையால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயம்தான், பிரிட்டனின் கடல் முற்றுகையில் ஜெர்மனியும் டங்ஸ்டனுக்குத் திண்டாடியது. ஆனால் தாது கையிலிருந்தும் பிரிட்டன் தவித்ததே! தாவோய்த் தாதுவில் வெள்ளீயக் கல் கலந்திருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம். நீரில் அலசினால் பிரியாது. டங்ஸ்டன் தாது மட்டும் காந்தத்துக்குச் சற்றே இழுபடும் என்பதால் காந்தப் பிரிப்பான்கள் தேவைப்பட்டன. அதன்பின் உலோகமாக்க, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் எஃகுக்காரர்கள் விட்னஸில் ஆலை எழுப்பினார்கள். சென்னை மாகாணத்திலும் இதே கதைதான்: விசாகப்பட்டினம் மாவட்ட மாங்கனீசு 1890களிலிருந்து கல்லாகவே கப்பலேறியது. இந்தியாவில் ஃபெரோமாங்கனீசு என்னும் இரும்பு-மாங்கனீசுக் கலவையை உருக்கும் வேலை சூடுபிடித்தது முதல் உலகப் போரில், நிலக்கரிக்கு அருகிலிருந்த இன்றைய ஜாம்ஷெட்பூரில்.