பெரிய வாய்க்காலும் என் வாசல் கல்லும்

2024 நவம்பர் 30 இரவை நம் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

தண்ணீர் வடிந்த பிறகு தெருக்காரர்கள் என் திண்ணைக்கு வந்தார்கள். "சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. ரோட்ட ரெண்டடி ஒசத்தச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார்கள். பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

பள்ளியில் எங்கள் முசே கரும்பலகையில் ஊரின் படம் போடுவார். கிழக்கே வில் பிளான்ஷ், மேற்கே வில் நுவார், நடுவே கிரான் கனால். வெள்ளையரையும் நம்மவரையும் பிரித்த கோடு என்றுதான் அன்று அதைப் பார்த்தேன். செஞ்சி சாலைக்கும் அம்பூர் சாலைக்கும் நடுவே ஓடும் நம் பெரிய வாய்க்கால்தான் அது. கடலோரம் மணல்மேடு, அதற்குப் பின்னால் தாழ்வு. அங்கே தேங்கும் மழைத் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோய்க் கடலில் விடும் வழியும் அதுவே. 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் திரும்பக் கட்டினார்கள். கட்டடங்கள் மாறின, நிலத்தின் வாட்டம் மாறவில்லை.

மேற்கிலும் அப்படித்தான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்து ஊற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதன் நினைவுதான் பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். மோட்டார் இல்லாத காலம். மேற்கு மேடாக இருந்ததால் தண்ணீர் தானே வந்தது. குடிநீர் வந்த அதே சரிவில்தான் வெள்ளமும் வருகிறது. முன்பு ஏரிகளும் வயல்களும் அதைத் தாங்கிக்கொண்டன. வயல்கள் நகர்களான பிறகு தண்ணீர் எங்கே போகும்?

ரோட்டை உயர்த்தினால் என் வீடு தப்பும்; தெருக்கோடியில் தாழ்ந்த ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் வீடு குளமாகும். மோட்டார் வைத்து இறைக்கலாம். புயலன்று கரண்ட் இருக்காது. மிச்சமிருப்பது பழைய வழிதான்: சைடு வாய்க்காலைத் தூர்வாரி, வாட்டம் பார்த்துப் பெரிய வாய்க்காலோடு சேர்ப்பது, கழிவுநீரை அதில் விடாமல் தடுப்பது, மேற்கே ஏரிகளை ஆழப்படுத்துவது.

இதை எழுதப் போனபோதுதான் என் கை நின்றது. 1986-ல் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக, வாசல் வாய்க்காலின் மேல் கடப்பைக் கல் போட்டு சிமெண்ட் பூசி மூடியவன் நான். எங்கள் தெருவில் முதலில் மூடியது என் வீடு. என்னைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள்.

மறுநாள் ஆள் வைத்துக் கல்லைப் பெயர்த்தேன். அடியில் விளிம்பு வரை சேறு. அதற்குப் பிறகே மனுவை எழுதினேன். ரோட்டை உயர்த்தக் கேட்கவில்லை, வாய்க்காலைக் கேட்டேன். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் தங்கள் வாசல் கல்லைப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம் சார்" என்று போய்விட்டார்கள். ஓட்டு வீட்டு அம்மா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார்.