இரு போர்கள், ஒரே பதக்கம்

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் இளமையில் போர் விமானி ஆக விரும்பினார். டேராடூனில் நடந்த தேர்வில் எட்டு இடங்களே இருந்தன. அவர் ஒன்பதாவதாக வந்தார். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006ஆம் ஆண்டில் சுகோய் போர் விமானத்தில் பறந்து அந்த ஆசையை ஓரளவு தீர்த்துக்கொண்டார். முதுகுளத்தூரில் படிக்கும் மாணவரும் இன்று விமானப்படைத் தேர்வு எழுதலாம். ஆனால் இந்தக் கதவு இந்தியருக்கு எளிதில் திறந்துவிடவில்லை. இந்தியரால் போர் விமானம் ஓட்ட முடியுமா என்ற ஆங்கிலேயரின் ஐயத்தை, இரு உலகப் போர்களில் கல்கத்தாவைச் சேர்ந்த இருவர் போக்கினர்.

முதலாமவர் இந்திரலால் ராய். 1898இல் பிறந்து, இலண்டனில் பள்ளிக்கல்வி பெற்றவர். அக்காலத்தில் படை அதிகாரிப் பதவி இந்தியருக்குப் பொதுவாக மறுக்கப்பட்டிருந்தது. எனினும் 1917இல் அவர் பிரிட்டிஷ் வான்படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் விமானம் விழுந்து நொறுங்க, படுகாயமடைந்தார். பறக்கத் தகுதியற்றவர் என மருத்துவர்கள் ஒதுக்கினர். அவர் விடவில்லை, 1918 ஜூனில் மீண்டும் போர்முனைக்குத் திரும்பினார்.

அவர் ஓட்டியது எஸ்.இ.5ஏ என்னும் ஒற்றை இருக்கை விமானம். அதன் இயந்திரத் துப்பாக்கிகளுள் ஒன்று, சுழலும் விசிறியின் ஊடாகவே சுடும். குண்டு விசிறியின் அலகைத் துளைக்காதா? இயந்திரத்தின் சுழற்சியோடு இணைந்த அமைப்பு ஒன்று எண்ணெய்க் குழாய் வழியே அழுத்தத் துடிப்புகளை அனுப்பும்; அலகு விலகியிருக்கும் கணத்தில் மட்டுமே குண்டு பாயும். இவ்வளவு நுட்பம் இருந்தும், விமானிக்குப் பாராசூட் கிடையாது!

ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரங்களில், ராய் பெற்ற வான்வெற்றிகள் 10. அவற்றுள் இரண்டு தோழர்களுடன் சேர்ந்து பெற்றவை. ஜூலை 22 அன்று பிரான்சு நாட்டு வானில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். வயது 19. சிறந்த பறப்பாற்றலுக்கான சிலுவைப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்றுதான் தோன்றியது. அதன் தொடக்ககால விமானிகளுள் ஒருவர் கருண் கிருஷ்ண மஜும்தார். 1942 பிப்ரவரியில் பர்மாவில் அவரது அணிக்குக் கிடைத்தவை லைசாண்டர் விமானங்கள். அவை வேவு பார்க்க அமைந்தவை, வேகம் குறைந்தவை. அவற்றிலேயே குண்டுகளைப் பொருத்திச் சென்று, தாய்லாந்தில் சப்பானியர் வசமிருந்த விமானத் தளத்தைத் தாக்கினார். ராய் பெற்ற அதே பதக்கம் அவருக்கும் கிடைத்தது. 1944இல் நார்மண்டிப் போர்முனையின் மேல் வேவுப் பணியாற்றியதற்காக அதையே இரண்டாம் முறையும் பெற்றார். 1945 பிப்ரவரியில் லாகூரில் நடந்த விபத்தில் மறைந்தார். வயது 31.

அவர்கள் போரிட்டது பிரிட்டிஷ் பேரரசின் கொடியின்கீழ். ஆயினும் அவர்கள் ஈட்டிய நம்பிக்கை நம் நாட்டுக்கே பயன்பட்டது. 1954இல் சுப்ரதோ முகர்ஜி விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். அந்தப் பதவிக்கு இட்டுச்சென்ற பாதையில் ராயின் பதினான்கு நாள்களும் உண்டு.