வழக்காடிய பெண்ணும் வகுக்கப்பட்ட சட்டமும்

திருமறையின் 58ஆம் அத்தியாயத்தின் பெயரை இரு விதமாக ஓதுவர். 'அல் முஜாதலா' என்றால் வழக்காடல். 'அல் முஜாதிலா' என்றால் வழக்காடிய பெண். துயருற்ற ஒரு மனைவியின் முறையீட்டால் ஓர் அத்தியாயமே பெயர் பெற்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அப்பெண்மணி கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). அவருடைய கணவர் அவ்ஸ் இப்னுஸ் ஸாமித் (ரலி) சினத்தில், "நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள்" என்று கூறிவிட்டார். 'ளிஹார்' எனப்படும் இச்சொல் அறியாமைக் காலத்தில் மணவிலக்காகவே கொள்ளப்பட்டது. இளமையை அவருக்கே ஈந்து, மக்களையும் பெற்றுக் கொடுத்து, முதுமை வந்தபின் கைவிடப்பட்டேனே என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கவ்லா முறையிட்டார். அதே இல்லத்தில் ஒரு புறம் இருந்த தமக்கே அவர் பேச்சில் சில கேட்கவில்லை என்றும், அல்லாஹ் அதனைக் கேட்டான் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். வசனங்கள் இறங்கின. ளிஹார் பொய்யுரை என்று கண்டிக்கப்பட்டது. அச்சொல்லைச் சொன்னவன் ஓர் அடிமையை உரிமைவிட வேண்டும். இயலாவிடின் இரு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். அதுவும் இயலாவிடின் 60 ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்று பரிகாரம் விதிக்கப்பட்டது.

கவ்லா பட்ட அடி சொல்லால் பட்டது. கையால் அடிபட்டோரின் செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. மனைவியரை அடிக்கலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் தடுத்தார்கள். பெண்கள் கணவரை எதிர்க்கத் துணிந்துவிட்டனர் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வந்து கூறவே, தடை தளர்ந்தது. உடனே பெண்கள் பலர் நபியின் குடும்பத்தாரிடம் திரண்டு வந்து முறையிட்டனர். ஓர் இரவில் 70 பெண்கள் வந்ததாக இப்னு மாஜாவின் அறிவிப்பு கூறும். அதனைச் சுட்டிக்காட்டிய நாயகம் (ஸல்) அவர்கள், அப்படி அடிக்கும் ஆடவர் உங்களில் சிறந்தோர் அல்லர் என்று கூறினார்கள். ஆடவர் தரப்பின் குறை செவியேற்கப்பட்ட அதே வாயிலில் பெண்கள் தரப்பின் குறையும் செவியேற்கப்பட்டது. இறுதிச் சொல் அதன் பின்னரே பிறந்தது.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. விடியற்காலை இருளில் நபியின் வாயிலில் வந்து நின்றவர் அவர். கணவர் அடித்து உறுப்பொன்றை முறித்துவிட்டார் என்று அபூ தாவூதின் அறிவிப்பு கூறுகிறது. பெற்ற மஹரைத் திருப்பிக் கொடுத்து அவர் விடுதலை பெற்றார். 'குல்உ' என்னும் சட்டப் பகுதியை ஓதும் மாணவர் எவரும் அவ்வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும்.

பிற்காலத்தில் அவ்வாயில் குறுகியது. கணவனின் கொடுமையைக் காரணமாகக் காட்டிக் காழியிடம் மணமுறிவு பெற ஹனஃபி மத்ஹபில் வழியில்லை. மாலிக்கி மத்ஹபில் உண்டு. வேறு வழி காணாத பெண்கள் சிலர் பஞ்சாபில் மார்க்கத்தையே துறந்து மணவிலங்கை அறுத்தனர். உலமாக்களின் நெஞ்சை இது உலுக்கியது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள் மாலிக்கி முஃப்திகளிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று 'அல் ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலை இயற்றினார்கள். முஹம்மது அஹ்மது காஸிமி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. வழக்கமாக அடிப்பதோடு, உடலைத் தீண்டாமலே வாழ்வைத் துன்பமாக்கும் கொடுமையும் மணமுறிவுக்குப் போதிய காரணம் என்று அச்சட்டம் கூறுகிறது. மார்க்கத்தைத் துறப்பதால் மட்டும் மணம் முறியாது என்றும் அது விதித்தது.

இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மதீனாவில் துன்புற்றவள் வந்தாள்; பேசினாள்; சட்டம் பிறந்தது. பஞ்சாபிலோ அவள் நம்மைவிட்டு வெளியேறிய பின்னரே அவள் துன்பம் நமக்குப் புலப்பட்டது. கேளாச் செவிக்கு நாம் கொடுத்த விலை அது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் நம் மஹல்லாக்களில் பலவற்றில் மனைவியின் வழக்கைத் தந்தையோ தமையனோதான் எடுத்துரைக்கிறார். அவள் வீட்டில் காத்திருக்கிறாள். அடியின் அளவை அடிபட்டவளன்றோ அறிவாள்? எந்த வேளையில் அச்சம் மிகுகிறது, பிறந்தகம் ஏன் கதவைச் சாத்துகிறது, 'பொறுத்துப் போ' என்னும் அறிவுரை அவளை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பனவற்றைக் கிதாபுகளில் மட்டும் தேடி அறிய இயலாது. ஜமாஅத்துகள் விதிமுறை வகுக்கும்போதும், ஆய்வாளர் வினாக்களைத் தொகுக்கும்போதும் இத்துயரைக் கடந்து வந்த பெண்களை முதலில் அழைத்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய மானமும் மறைவும் காக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தஃப்ஸீர் நூல்களில் ஒரு செய்தி காணப்படுகிறது. கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அவர்களை ஒரு மூதாட்டி வழியில் நிறுத்திப் பேசினார். கலீஃபாவும் நெடுநேரம் நின்று கேட்டார்கள். ஒரு கிழவிக்காகக் குறைஷியரைக் காக்க வைத்தீர்களே என்று உடனிருந்தவர் வினவ, ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் செவியேற்ற கவ்லா இவர் என்றார்கள். முன்பொரு நாள் ஆடவர் தரப்பின் குறையை எடுத்துரைத்த அதே உமர் (ரலி) அவர்கள்தாம், அன்று தெருவில் நின்று ஒரு பெண்ணின் சொல்லுக்குச் செவி சாய்த்தார்கள். நம் ஜமாஅத்தார்க்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறென்ன வேண்டும்?