இரண்டாவது அம்பு: திருகோணமலைத் துறைமுகமும் பழைய போர்த் துவக்குகளும்

போராயுதங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்தோரின் வரலாறாகவோ, அவற்றால் வென்றோரின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஓர் ஆயுதம் எவருடைய உடைமையாக இருந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பிரித்தானியப் படையின் 303 துவக்கை, அதாவது லீ-என்பீல்டை, இவ்வினாவின் வழி நோக்குதல் பயனுடையது.

பழைய துவக்குகளைத் தேடிச் சேர்ப்போர் முதலில் நோக்குவது அதன் உலோகத்தில் பொறிக்கப்பட்ட குறிகளையே. முதலாம் உலகப் போர்க்காலத் துவக்காயின், அடிக்கட்டையின் கழுத்தைச் சூழ்ந்த பட்டையில் முடியும், தொழிற்சாலையின் பெயரும், ஆண்டும் இருக்கும். இங்கிலாந்தின் என்பீல்ட் மட்டுமன்றி, வங்காளத்தின் இஷாப்பூரும் அங்கே பெயர் பதித்துள்ளது. இவற்றோடு அகன்ற அம்பு ஒன்றும் காணப்படும். அது அரச உடைமை என்பதன் அடையாளம். படைக்கு வேண்டாததென விற்கப்படும்போது, முதல் அம்பின் முனையை எதிர்நோக்கி இன்னோர் அம்பு பொறிக்கப்படும். அவ்விரண்டாவது அம்போடு துவக்கு சந்தைப் பண்டமாகின்றது.

1950களில் அமெரிக்க வணிகரான சாமுவேல் கம்மிங்சின் இன்ரர்ஆம்ஸ் நிறுவனம் இத்தகைய துவக்குகளைப் பெருந்தொகையாக வாங்கி விற்றது. மான் வேட்டைக்கும் சேகரிப்புக்கும் அவை மலிவாகக் கிடைத்தன. 1963இல் கென்னடியைக் கொன்றதும் தபால்மூலம் வாங்கப்பட்ட பழைய இத்தாலியப் படைத் துவக்கே. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விறக்குமதியைத் தடுத்தது. 1980களில் அத்தடை தளர்ந்தது.

இலங்கையில் இத்தகைய சந்தை தோன்றவில்லை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் அடுத்து, 1916இல் சுடுபடைக்கலச் சட்டம் வந்தது. காட்டோரக் கமக்காரன் பன்றியையும் யானையையும் விரட்ட அனுமதிப்பத்திரத்துடன் வேட்டைத் துவக்கு வைத்திருக்கலாம். 303 அரசுக்கே உரியது.

கொட்டியாரக் குடாவை அண்டிய கிண்ணியாப் பகுதியின் குறிஞ்சாக்கேணியிலிருந்து நோக்குவோர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. குடாவின் வடபுறத்தே, 1795 முதல் பிரித்தானியர் வசமிருந்த துறைமுகம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அங்கேயே. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை, சுதந்திரத்தின் பின்னரும் அத்தளத்தைப் பிரித்தானியரிடமே விட்டுவைத்தது. பண்டாரநாயக்கா ஆட்சியில், 1957இலேயே அது இலங்கையின் கைக்கு வந்தது. தளம் கைமாறியது, துவக்குக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவு மாறவில்லை. 303 புதிய அரசின் படையினரதும் பொலிசாரதும் கையில் தொடர்ந்து இருந்தது.

வாங்கும் வழி இல்லாதவிடத்து, அபகரித்தலே வழியாயிற்று. 1971 ஏப்ரலில் கிளர்ந்த தென்னிலங்கை இளைஞர்கள் கமக்காரரின் வேட்டைத் துவக்குகளைத் திரட்டினர். கைக்குண்டுகளைத் தாமே செய்தனர். பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். 1982 அக்டோபர் 27இல் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டு, ஆயுதங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. பின்னர் அரசே கிழக்கின் கிராமங்களில் ஊர்காவற் படையினருக்குத் துவக்கு வழங்கியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராக வாழ்ந்த மாவட்டத்தில் அதன் விளைவு என்னவாயிற்று என்பதை அங்குள்ள முதியோர் நன்கறிவர். சேகரிப்போரின் நூல்கள் விலையையும் அரிய தன்மையையும் விரிவாகக் கூறும். இக்கைமாற்றங்களுக்கு அவற்றில் இடமில்லை.

திருகோணமலையில் கடற்படையினரின் ஹூட்ஸ் கோபுர அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் பல வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காணச் செல்லும் மாணவர், தொழிற்சாலைப் பெயரைக் குறித்துக்கொண்டபின் அம்புகளையும் எண்ணுதல் வேண்டும்.